தெய்சே குன்றில் தொண்டாற்றும் இளையோர்



"எங்கள் மகள் பிரான்சு நாட்டில் ஓர் இளையோர் முகாமுக்குத் தொண்டு செய்யப் போகிறாளாம். மூன்று மாதமாம், சம்பளம் கிடையாதாம். அங்கே போய் என்னதான் செய்வாள்?" இப்படிக் கேட்கும் பெற்றோரைப் பங்குகளில் அவ்வப்போது சந்திக்கிறோம். கேள்வியில் பெருமை பாதி, பயம் பாதி இருக்கும். நேரான பதில் இதுதான்: பெரும்பாலும் கிண்ணம் கழுவுவாள், ரொட்டி பங்கிடுவாள், கழிப்பறை சுத்தம் செய்வாள், நள்ளிரவில் வந்து இறங்கும் ஒரு குழுவுக்குப் படுக்கும் இடம் காட்டுவாள். நாளுக்கு மூன்று முறை கோவிலில் தரையில் அமர்ந்து செபிப்பாள். இதற்காகவா கடல் கடந்து போக வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல, அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெய்சே என்பது பிரான்சின் கிழக்குப் பகுதியில், பர்கண்டி வட்டாரத்தில், ஒரு குன்றின்மேல் இருக்கும் சிற்றூர். நடுக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த குளூனி துறவுமடம் அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 25 வயது இளைஞர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலிருந்து மிதிவண்டியில் அந்த ஊருக்கு வந்தார். அவர் பெயர் ரோஜர் சூட்ஸ். சீர்திருத்தத் திருஅவையைச் சேர்ந்த போதகர் ஒருவரின் மகன். பிரான்சு போரில் தோற்று இரண்டாகப் பிளவுபட்டுக் கிடந்த நேரம் அது. இரண்டு பகுதிகளையும் பிரித்த எல்லைக்கோடு தெய்சேக்குப் பக்கத்திலேயே சென்றது. முதல் உலகப் போரின்போது அவருடைய பாட்டி வடக்குப் பிரான்சில் தன் வீட்டில் அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். அந்த நினைவோடு வந்த ரோஜர் ஒரு வீட்டை வாங்கி, தப்பி ஓடி வந்தவர்களை அதில் ஒளித்து வைத்தார். அவர்களுள் யூதரும் இருந்தார்கள். 1942-இல் காட்டிக்கொடுக்கப்பட்டு, ஊருக்குத் திரும்ப முடியாமல் ஜெனீவாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1944-இல்தான் முதல் தோழர்கள் சிலரோடு மீண்டும் தெய்சேக்கு வந்தார்.

அப்போது நிலைமை தலைகீழாகியிருந்தது. பக்கத்திலிருந்த முகாம்களில் செர்மானியப் போர்க் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். நேற்று யூதரை ஒளித்து வைத்தவர்கள் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கைதிகளை வரவழைத்துத் தங்களிடமிருந்த எளிய உணவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊர் மக்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருந்திருக்காது. கணவரைப் பறிகொடுத்த பெண்கள் சிலர் ஆத்திரத்தில் ஒரு கைதியைத் தாக்கினார்கள். ஏற்கனவே நலிந்திருந்த அவர் இறந்துபோனார். அவர் ஓர் இளம் கத்தோலிக்க அருள்பணியாளர். சகோதரர் ரோஜர் பிற்காலத்தில் இந்த நிகழ்ச்சியை வேதனையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒப்புரவு என்ற சொல் தெய்சேயில் இவ்வளவு கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

1949-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று ஏழு சகோதரர்கள் மணத்துறவு, பொது உடைமை, எளிய வாழ்வு ஆகியவற்றுக்குத் தங்களை வாழ்நாள் முழுவதும் கையளித்தார்கள். தொடக்கத்தில் அனைவரும் சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்தவர்கள். முதல் கத்தோலிக்கச் சகோதரர் 1969-இல் சேர்ந்தார். இன்று ஏறத்தாழ 30 நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய உறுதியான வழக்கம். குடும்பச் சொத்து வந்தாலும் சமூகத்துக்கென்று வைத்துக்கொள்வதில்லை. மண்பாண்டம் செய்வது போன்ற தங்கள் கை உழைப்பிலேயே வாழ்கிறார்கள். நன்கொடைப் பலகைகள் நிறைந்த கோவில்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

இனி அந்தக் குன்றுக்கு வந்த முதல் வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றி. இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் பகுதி.

செர்மனியில் லோதார் கிரைசிக் என்றொரு நீதிபதி இருந்தார். மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் நாத்சி அரசு இரகசியமாகக் கொன்றுவந்ததை 1940-இல் அறிந்து, அதைக் கொலை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர். அதனால் பதவியை இழந்தார். போருக்குப் பிறகு 1958-இல், செர்மானிய எவாஞ்சலிக்கல் திருஅவையின் மன்றத்தில் அவர் ஓர் அழைப்பு விடுத்தார். செர்மானியர் தாங்கள் துன்புறுத்திய நாடுகளுக்குப் போய், மன்னிப்பு வேண்டி, தங்கள் கைகளாலேயே ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த அழைப்பிலிருந்து 'பரிகார அடையாளம்' என்ற பொருள் தரும் பெயரோடு ஓர் இயக்கம் பிறந்தது. அதன் இளையோர் தெய்சேக்கு வந்து கட்டியதுதான் ஒப்புரவுக் கோவில். அதன் வரைபடத்தைச் சகோதரர்களுள் ஒருவரே தயாரித்தார். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், ஆண்டவரின் உருமாற்றப் பெருவிழாவன்று, கோவில் திறக்கப்பட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு செர்மானியக் கைதி அடிபட்டு இறந்த வட்டாரம். பதினைந்து, பதினாறு ஆண்டுகளே கடந்திருக்கின்றன. அங்கே இருபது வயதுச் செர்மானிய இளையோர் வந்து சிமெண்டு கலக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். அவர்களில் பலர் போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். குற்றம் அவர்களுடையது அன்று. ஆனாலும் பரிகாரத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்களை அந்த மண்ணில் வேலை செய்ய விட்டதும் ஒரு தொண்டுதான். கொடுப்பதைவிட, வாங்கிக்கொள்வது சில வேளைகளில் கடினம்.

இத்தனை பெரிய கோவில் நமக்கு எதற்கு என்ற தயக்கம் சகோதரர்களிடையே இருந்தது. ஆனால் 1971-இல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வந்த இளையோர் கூட்டம் உள்ளே கொள்ளவில்லை. உடனே கோவிலின் முகப்புச் சுவரை இடித்து, வெளியே ஒரு பெரிய கூடாரத்தை இணைத்துவிட்டார்கள். கட்டிப் பத்து ஆண்டுகூட ஆகாத சுவர் அது! பின்னர் அந்தப் பக்கம் மரத்தால் நீட்டிக் கட்டினார்கள். கூட்டத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் கதவுகளும் வைத்தார்கள். 1974-இல் இளையோர் மன்றம் தொடங்கியபோது வந்தவர்களின் எண்ணிக்கை 40,000 என்று சொல்லப்படுகிறது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சகோதரர் ரோஜர் 1976-இல் கொல்கத்தாவின் ஏழை மக்கள் பகுதியில் சில வாரங்கள் தங்கி, அன்னை தெரேசாவோடு பழகினார். தெய்சே சமூகம் நடத்திய கண்டங்களுக்கிடையேயான இளையோர் சந்திப்பு 1985-ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய மதராசில் நடந்தது. 1988-ஆம் ஆண்டின் இறுதியிலும் அதே நகரில் மீண்டும் கூடினார்கள். அன்று இளையோராகக் கலந்துகொண்டவர்கள் இன்று நம் பங்குகளில் தாத்தா, பாட்டிகளாக இருக்கக்கூடும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது முகாமின் நடைமுறைக்கு வருவோம். முகாம் என்று நாம் எளிதாகச் சொன்னாலும், அது ஆண்டு முழுவதும் வாரந்தோறும் நடக்கும் சந்திப்பு. ஞாயிறு முதல் ஞாயிறு வரை ஒரு சுற்று. கோடைக்காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டியும் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். குளிர்காலத்தில் மிகச் சிலரே இருப்பார்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணி ஒலித்ததும் எல்லா வேலையும் நின்றுவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போவார்.

கோவிலில் இருக்கைகள் மிகக் குறைவு. பெரும்பாலோர் தரையில்தான் அமர்வார்கள். சின்னஞ்சிறு பாடல் ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். இலத்தீன், செர்மன், ஸ்பானியம், போலந்து மொழி என்று பாடல்கள் மாறிமாறி வரும். இந்த இசை வடிவத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜாக் பெர்த்தியேக்கு உரியது. ஒவ்வொரு செபத்தின் நடுவிலும் நீண்ட மௌனம் உண்டு. எட்டு, பத்து நிமிடம் ஆயிரம் இளையோர் பேசாமல் இருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளா இது என்று கேட்கத் தோன்றும். வெள்ளிக்கிழமை மாலையில் சிலுவையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொருவராக வந்து நெற்றியை அதன்மேல் பதித்துச் செபிப்பார்கள். சனி மாலையில் எல்லாரும் கையில் மெழுகுதிரி ஏந்துவார்கள். இப்படி ஒவ்வொரு வார இறுதியும் ஒரு சிறிய புனித வாரமாகவே அமைகிறது.

காலைச் செபத்துக்குப் பின் ரொட்டியும் வெண்ணெயும், ஒரு கிண்ணத்தில் தேநீரோ சூடான கொக்கோ பானமோ கிடைக்கும். பிறகு சகோதரர் ஒருவர் விவிலிய விளக்கம் தருவார். அதைத் தொடர்ந்து பல நாட்டவர் கலந்த சிறு குழுக்களில் பகிர்வு நடக்கும். மதிய உணவை உண்ணப் பெரும்பாலும் ஒரு கரண்டி மட்டுமே தருவார்கள். காரம் இருக்காது. நம்மவர்கள் ஊறுகாய்ப் புட்டியோடு போவது குற்றமாகாது என்பது எங்கள் கருத்து.

வாரம் முழுவதும் வேலையும் உண்டு. இது விருந்தினருக்கும் சேர்த்துத்தான். ஒரு வாரம் மட்டும் தங்க வருபவரும் ஏதாவது ஒரு வேலையை ஏற்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், தொடர்ந்து பொறுப்பேற்க யாராவது வேண்டுமல்லவா? அதற்குத்தான் நீண்ட காலத் தொண்டர்கள் இருக்கிறார்கள். 18 வயது நிறைந்த இளையோர் சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை தங்குகிறார்கள். ஊதியம் இல்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி இல்லங்கள் உண்டு. பெண் தொண்டர்களுக்கு வழித்துணையாகப் புனித அந்திரேயா சபை அருள்சகோதரிகள் இருக்கிறார்கள். 1960-களிலிருந்தே அவர்கள் பக்கத்துச் சிற்றூரில் தங்கி இந்த வரவேற்புப் பணியில் பங்கேற்று வருகிறார்கள். ஆண்களுக்குச் சகோதரர் ஒருவர் துணையிருப்பார். வாரத்தில் ஒரு நாள் அவரோடு அமர்ந்து மனம் விட்டுப் பேசலாம். ஊரையும் வீட்டையும் பிரிந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு வேறு எதையும்விட இந்த உரையாடல் தேவைப்படும்.

கழிப்பறை சுத்தம் செய்யும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கே அது ஓர் அணியின் வேலை. பாட்டுப் பாடிக்கொண்டே செய்வார்கள். மருத்துவம் படிப்பவரும் தச்சு வேலை கற்பவரும் ஒரே வாளியைத் தூக்குவார்கள். ஐரோப்பிய இளைஞருக்கு அது கொஞ்சம் அருவருப்பான வேலை, அவ்வளவுதான். நம் சமூகத்தில் அப்படியில்லை. யார் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்த வரலாறு நம்முடையது. கோவில் வளாகங்கள்கூட இதற்கு விலக்கல்ல. ஆகவே நம் வீட்டிலிருந்து போகும் பிள்ளை அந்தத் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது, அருகில் நிற்கும் டச்சு நாட்டுத் தோழனுக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்தே எடுக்கிறான். வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஊருக்குத் திரும்பியபின் தன் பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பானா என்பதுதான் நமக்கிருக்கும் கேள்வி.

கத்தோலிக்கப் பெற்றோர் சிலர் மற்றொரு சந்தேகத்தையும் எழுப்புவார்கள். பிற சபையாரோடு சேர்ந்து இருப்பதால் பிள்ளையின் நம்பிக்கை என்ன ஆகும்? அங்கே கத்தோலிக்கத் திருப்பலி உண்டு, ஒப்புரவு அருளடையாளம் பெற அருள்பணியாளர்களும் இருக்கிறார்கள். நற்கருணை வாங்காதவர்களுக்கு மந்திரித்த ரொட்டி வழங்கும் வழக்கமும் உண்டு. கத்தோலிக்கத் திருஅவையோடு இந்தச் சமூகத்துக்கு நெருங்கிய உறவு தொடக்கம் முதலே இருக்கிறது. பின்னாளில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் ஆன பேராயர் ரொன்காலி, பிரான்சில் திருத்தந்தையின் தூதராக இருந்தபோது, ஊரின் பழைய கத்தோலிக்கக் கோவிலில் சகோதரர்கள் செபிக்க அனுமதி கிடைக்கச் செய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சகோதரர் ரோஜர் பார்வையாளராகக் கலந்துகொண்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பேராயராக இருந்த நாள்களிலேயே தெய்சேக்கு வந்தவர். திருத்தந்தையாக 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் மீண்டும் வந்தார். வழிப்போக்கர் நீரூற்றருகே சற்று நின்று தாகம் தணித்துப் போவதைப்போல இளையோர் இங்கே வந்து போகிறார்கள் என்ற கருத்தில் அன்று பேசினார். அதாவது, அங்கேயே தங்கிவிடுவதற்கு அல்ல. சகோதரர்களும் தங்களைச் சுற்றி ஓர் இயக்கம் அமைக்க மறுத்து, உங்கள் பங்குக்கே திரும்பிப் போங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்தக் குன்றில் நடந்த எல்லாமே இனிமையானவை என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மாலைச் செபத்தின்போது, ஏறத்தாழ 2,500 பேர் கூடியிருந்த கோவிலில், மனநலம் குன்றிய ஒரு பெண் சகோதரர் ரோஜரைக் கத்தியால் குத்தினார். அவருக்கு வயது 90. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. ஆகஸ்டு 23-ஆம் நாள் நடந்த அடக்கத் திருப்பலிக்குக் கர்தினால் வால்ட்டர் காஸ்பர் தலைமை தாங்கினார். பொறுப்பேற்ற சகோதரர் அலோய்ஸ், அந்தப் பெண்ணையே இறைவனின் மன்னிப்பில் ஒப்படைத்துச் செபித்தார். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பொறுப்பு இங்கிலாந்தைச் சேர்ந்த சகோதரர் மேத்யூவுக்கு வந்தது. அவர் ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவர்.

2019-இல் வேறொரு வேதனை வெளியே வந்தது. 1950-களிலிருந்து 1980-கள் வரையிலான காலத்தில் சகோதரர்கள் மூவர் இழைத்ததாகச் சொல்லப்படும் பாலியல் அத்துமீறல்கள் ஐந்தைச் சமூகமே பகிரங்கமாக அறிவித்து, அரசு வழக்கறிஞருக்கும் தெரிவித்தது. இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பச் சொல்ல நமக்கு மனமில்லை. எந்த முகாமாக இருந்தாலும், எவ்வளவு புனிதமான பெயர் கொண்டதாக இருந்தாலும், அங்கே இளையோரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று பெற்றோர் கேட்க வேண்டும். கேட்பது அவநம்பிக்கையாகாது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் இளையோரைப் பொதுவாக மூன்று மாத அளவுக்கு அழைக்கிறார்கள். ஷெங்கன் குறுகியகால விசாவும் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் தங்குவதற்குத்தான். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் பிரான்சின் நீண்டகால விசா தேவை. அழைப்பு தெய்சே சமூகத்திடமிருந்தே நேரடியாக வர வேண்டும். தொண்டர் வேலை வாங்கித் தருகிறேன், அங்கிருந்து வேறு வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள். விசா மறுக்கப்படுவதும் உண்டு. ஐரோப்பியப் பிள்ளை ஒரு பையை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறான். நம் பிள்ளை வங்கிக் கணக்கையும் குடும்ப விவரத்தையும் காட்டி வரிசையில் நிற்கிறான். இந்த வேறுபாடு நெருடலானது, ஆனால் உண்மையானது.

பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு ஆங்கிலம் போதும். மழைக்கும் சேற்றுக்கும் தாங்கும் காலணி, கம்பளிச் சட்டை, உறங்கும் பை ஆகியவை அவசியம். ஏப்ரலில்கூட இரவில் குளிர் எலும்பைத் தொடும். தங்குமிடம் மரத்தால் ஆன எளிய கொட்டகைகள், அடுக்குக் கட்டில்கள், கோடையில் கூடாரங்கள். பங்குத்தந்தையின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. போகும் முன் இரண்டு மாதம், வீட்டில் பாத்திரம் கழுவிப் பழகட்டும். அம்மா மறுக்க மாட்டார்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் புதிதாக இருக்கும். மூன்றாவது வாரம்தான் சோதனை. நெருங்கிப் பழகிய குழு ஞாயிறன்று கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போய்விடும். அன்று பிற்பகலிலேயே புதிய பேருந்துகள் வந்து நிற்கும். அதே கேள்விகள், அதே விளக்கங்கள், அதே கிண்ணங்கள். வந்தவர்களுக்கு அது முதல் நாள். வரவேற்பவளுக்கு அது எத்தனையாவது ஞாயிறு என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் தேநீர்க் குவளையை நீட்டி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறாள்.